மூணுக்கும் நாலுக்கும் நடுவுல

இல்லம்மா, கயிறெல்லாம் அறுந்து விழாது. யாரு சொன்னா உங்களுக்கு? சினிமாவுல காட்டுவாங்க, அதையெல்லாம் நம்பிட்டு. ஒரு கயிறா ரெண்டு கயிறா, கத்தையா தொங்குது மேல. அதுல ஒண்ணே போதும், உங்களை மாதிரி பத்துப் பேரைத் தாங்கும். நீங்க வேற தனியா இருக்கீங்க. அது சும்மா நின்னுடுச்சு, அவ்ளோதான். நடுரோட்டுல படுத்துக்கிட்ட மாடு மாதிரி. தள்ளினாலும் நகராது, பள்ளத்துலயும் விழாது.

ஹலோ? இருக்கீங்களா? அழுங்க, பரவால்ல. அழுதுட்டே கேளுங்க. நீங்க அழுத்தினீங்கல்ல மணி பட்டன், அது நேரா என் காதுக்குத்தான் வருது. நான் இங்க லிஃப்ட் கம்பெனி கன்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கேன். எதிர்ல ஒரு திரை. அதுல உங்க லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்குதுன்னு சிவப்பா காட்டுது. லைட் எரியுதா? மேல ஃபேன் சுத்துதா? சுத்துதுல்ல, அப்ப காத்துக்குப் பஞ்சமில்ல. மூச்சு முட்டறது பயத்துல. நான் பேசிட்டே இருக்கேன், அது தன்னால அடங்கிடும். என் வாய் ஓயாது, அதுக்கு நான் கியாரண்டி. என் பொண்டாட்டி கையெழுத்துப் போட்டே குடுப்பா.

மெக்கானிக்கா? அனுப்பிட்டேன், கிளம்பிட்டாரு. ஏணின்னு நாங்க வச்ச பேரு. ஆள் அவ்ளோ உயரம், பல்பு மாத்த ஸ்டூல் வேணாம் அவருக்கு. வந்தாருன்னா மேல மெஷின் ரூமுக்குப் போயி, கையாலயே சுத்தி உங்களைப் பக்கத்து மாடிக்குக் கொண்டு வந்து கதவைத் திறந்துடுவாரு. இப்ப பாலத்துக்கிட்ட வந்துட்டிருக்காரு. ஆமா, பாலத்துக்கு அந்தாண்டைதான். கொஞ்சம் தூரந்தான். வந்துடுவாரு.

பாருங்க, இந்த மேஜைல ஒரு அட்டை ஒட்டி வச்சிருக்காங்க. மாட்டிக்கிட்டவங்ககிட்ட என்ன சொல்லணும்னு வரிசையா அடிச்சிருக்கு. அன்பான வாடிக்கையாளரே, பதற்றம் அடைய வேண்டாம். இதைப் படிச்சா யாருக்காவது பதற்றம் போகுமா? இன்னும் ஜாஸ்தியாகும். கடைசில வேற, எங்கள் சேவையைப் பயன்படுத்தியமைக்கு நன்றின்னு சொல்லணுமாம். அந்தரத்துல தொங்கறவங்ககிட்டப் போயி நன்றி சொன்னா செருப்பைக் கழட்ட மாட்டாங்க?

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க.

ஒத்தைச் செருப்புதான் போட்டிருக்கீங்களா.

ஓ. எந்தக் கால்? முட்டிக்குக் கீழயா. ஆறிடுச்சா? இன்னும் செயற்கைக் கால் போடலியா, கட்டை ஊனித்தான் நடக்கறீங்களா. அடக் கடவுளே, இவ்ளோ நேரம் ஒத்தைக் கால்ல நின்னுட்டா பேசிட்டிருக்கீங்க? முதல்ல உக்காருங்க. தரை அழுக்கா இருந்தா இருக்கட்டும், துணி துவைச்சுக்கலாம். கட்டையைச் சுவர்ல சாய்ச்சு வைக்காதீங்க, படுக்கப் போடுங்க. முதுகைச் சுவர்ல குடுத்து, மெதுவா, அப்படியே வழுக்கி இறங்குங்க. நான் இருக்கேன்.

உக்காந்தாச்சா? இப்ப சரி. இப்ப ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம்.

மன்னிக்கறதுக்கு என்னம்மா இருக்கு. செருப்புன்னு நான்தான் ஆரம்பிச்சேன். நீங்க நல்லாத் திருப்பி அடிச்சீங்க. அந்த வாய் இருந்தாப் போதும், பொழைச்சுக்கலாம். எனக்கா? எனக்கு ரெண்டு செருப்பும் இருக்கு. வாங்கி ரெண்டு வருஷமாச்சு, அடியெல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. தேயவே மாட்டேங்குது. சக்கர நாற்காலிலதான் உக்காந்திருக்கேன். இடுப்புக்குக் கீழ எல்லாம் இருக்கு, ஆனா எதுவும் என் பேச்சைக் கேக்காது. வீட்டுல பசங்க மாதிரின்னு வச்சுக்குங்களேன்.

சிரிச்சீங்களா? சிரிச்ச மாதிரி கேட்டுச்சே.

எந்த மாடிக்குப் போகணும்? அஞ்சாவதா. அஞ்சாவது மாடில... இருங்க இருங்க. அந்த ஆபீசுக்கா? கை கால் போனவங்க, கண்ணு தெரியாதவங்க, அவங்களுக்கெல்லாம் வேலைக்கு வழி பண்ணுவாங்களே, அங்கயா? அட! என்னமோ நினைச்சேன். நடக்க முடியாதவங்களுக்கு ஆபீசை அஞ்சாவது மாடில வச்சான் பாருங்க, அவனுக்கு ஒரு கோயிலே கட்டலாம். அதுவும் இந்த ஓட்டை லிஃப்டை நம்பி. நான் அந்த அம்மாகிட்டயே சொல்லியிருக்கேன், எங்க கம்பெனி லிஃப்ட்தான், தெரிஞ்சு சொல்றேன், கீழ இடம் பாருங்கன்னு. வாடகைக்குக் கீழ கிடைக்கலியாம்.

எந்த அம்மாவா? அங்க போனா பார்ப்பீங்க. குள்ளமா இருப்பாங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு, பேசவே மாட்டாங்க. நம்மளைப் பேச விட்டுட்டு உத்து உத்துப் பார்ப்பாங்க. முதல் தடவை எனக்குக் கோவம் வந்துடுச்சு, என்னங்க, என் மூஞ்சில ஏதாவது எழுதி ஒட்டியிருக்கான்னு கேட்டுட்டேன். ஏன்னா அதுக்கு முன்னாடி நான் வேலை கேட்டுப் போயிப் பார்த்தவங்கல்லாம் ஒரே மாதிரி. பெட்டிக்கடை வைங்க. சாமான் கவர்ல போடற வேலை இருக்கு, செய்யறீங்களா. எனக்கு என்ன தெரியும்னு ஒரு ஆள் கேக்கல. இந்த அம்மா மட்டும், உங்க வேலைல உங்களுக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டாங்க. நான் லிஃப்ட் மெக்கானிக்கும்மா. அதான் வேலை. ரொம்ப வருஷம். நான் வாய் விட்டேன், விட்டேன், அப்படி விட்டேன். ஆள் மாட்டிக்கிட்டா எப்படிப் பேசணும், குழந்தைன்னா எப்படி, வயசானவங்கன்னா எப்படின்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு அந்த அம்மா சொன்னாங்க, ஏங்க, இது வாய் வேலைதானே, இதுக்குக் கால் எதுக்குன்னு.

அவ்ளோதான். நேரா எங்க கம்பெனிக்கு வந்துட்டாங்க. வீட்டுல உக்காருங்கன்னு என்னைக் கை கழுவி விட்டுட்ட அதே கம்பெனி. இந்த ரூம்ல வந்து நாள் கணக்கா ஒரு ஓரமா உக்காந்து பார்த்தாங்களாம். அப்புறம் ஒவ்வொண்ணா. நாற்காலி உள்ள போற மாதிரி மேஜைக்கு அடியில மரக்கட்டை குடுத்துத் தூக்க வச்சாங்க. கால்ல மிதிச்சுப் பேசற பெடல் இருந்துச்சு, அதைக் கைக்குக் கொண்டு வந்தாங்க. பாத்ரூம் கதவு உள்பக்கமா திறக்கும், வண்டி உள்ள போனா கதவைச் சாத்த முடியாது. அதைக் கழட்டி வெளிப்பக்கமாத் திறக்க வச்சாங்க. அது போதும்மா எனக்கு. மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டுப் போறது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்குச் சொல்ல வேணாம்.

அப்புறம் நான் வேலைக்கு வந்தப்போ பக்கத்துலயே ஒரு நாற்காலி போட்டு உக்காந்தாங்க. என் முழங்கை இடிக்கும், அவ்ளோ பக்கத்துல. நான் தடுமாறினா கூட எடுத்துச் சொல்ல மாட்டாங்க, சும்மா உக்காந்திருப்பாங்க. அடுத்த வாரம் பார்த்தா நாற்காலி கொஞ்சம் பின்னாடி. அதுக்கடுத்த வாரம் சுவரோரம். அப்புறம் கதவுக்கிட்ட. நான் கவனிக்கலன்னு நினைச்சுட்டு நகர்த்துவாங்க. அதுதான் அவங்க வேலையே, கொஞ்சம் கொஞ்சமா இல்லாமப் போறது. இன்னைக்குக் காலைல வந்து பார்த்தேன், நாற்காலி இருக்கு, ஆள் இல்ல. நீங்கதான் எனக்கு அவங்க இல்லாம வந்த முதல் போன் கால். அதனால தயவு பண்ணி நல்லபடியா வெளிய வந்துடுங்க, என் மானத்தைக் காப்பாத்துங்க.

நீங்க என்ன வேலை பார்த்துட்டிருந்தீங்க? பியூட்டி பார்லரா. முடி வெட்டறதா. அடேயப்பா. அது நின்னுட்டே செய்யற வேலையாச்சே. அதான் இனிமே முடியாதுங்கறீங்க. யாரு சொன்னா, பார்லர்காரம்மா சொன்னாங்களா, நீங்களே சொல்லிக்கிட்டீங்களா?

ம். நீங்களே.

அது எப்படிங்க? வெட்டறது கைதானே. கஸ்டமரைச் சுத்திச் சுத்தி வரணும், சரி. அந்த கஸ்டமர் உக்கார்ற நாற்காலியே சுத்தும்ல? நீங்க ஒரு ஸ்டூல்ல உக்காந்துட்டு அவங்களைச் சுத்தி விட்டா ஆகாதா? எனக்குத் தெரியாதும்மா, நான் வெளியாளு, உளறறேன். ஆனா அந்த அம்மா இப்படித்தான் கேப்பாங்க. பார்லருக்கே வந்து ஓரமா உக்காந்துடுவாங்க, நீங்க வேணாம்னாலும்.

என்னது, வீட்டுக்குப் போறீங்களா? இவ்ளோ தூரம் வந்துட்டா? இது ஒரு சகுனமா? லிஃப்ட் நின்னா மோட்டார் பழசுன்னு அர்த்தம், வேற ஒரு மண்ணும் அர்த்தமில்ல. வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா? ஆஸ்பத்திரிக்கின்னு சொல்லிட்டா... ஏன் பொய் சொல்லணும்? உன்னை உக்கார வச்சு நான் சோறு போட மாட்டேனான்னு கேக்கறாரா உங்க வீட்டுக்காரரு. பாசந்தான். இல்லன்னு சொல்லல. என் வீட்டுலயும் அப்படித்தான் உக்கார வச்சாங்க. காலைல ஜன்னல்கிட்டத் தள்ளி விடுவாங்க, சாயந்திரம் உள்ள இழுத்துக்குவாங்க. நான் துணியா, காயப் போட்டு எடுக்கறதுக்கு?

அது என்ன சத்தம்?

அம்மா, அது என்ன சத்தம்? உரசற மாதிரி... எழுந்துட்டீங்களா? கட்டையைக் கதவு இடுக்குல விடறீங்களா? எடுங்க. எடுங்க அதை! நான் சொல்றேன்ல, எடுங்க!

கத்தினதுக்குக் கோவிச்சுக்காதீங்க. எடுத்துட்டீங்களா? கீழ போட்டாச்சா? சத்தம் கேக்கல, போடுங்க, எனக்குக் கேக்கணும்.

ம். கேட்டுச்சு.

கேளுங்க. அந்தக் கதவைத் திறந்தீங்கன்னா எதிர்ல பாதிச் சுவர் தெரியும், பாதி மூணாவது மாடி தெரியும். இறங்கிடலாம் போலத்தான் இருக்கும். உங்க காலுக்குக் கீழ, லிஃப்டோட அடிக்கும் அந்த மாடித் தரைக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. அது உங்க கண்ணுக்குத் தெரியாது. குதிக்கறவங்க முன்னாடி விழறதில்ல, பின்னாடி சறுக்கி அந்தச் சந்துலதான் போவாங்க. ரெண்டு காலும் நல்லா இருக்கறவங்களே போயிருக்காங்க. அதுக்கு நிக்கற லிஃப்டே தேவல. நின்னுட்டிருக்கற வரைக்கும் அது உங்க வீடு.

எனக்கு எப்படி ஆச்சுன்னா? சொல்றேன், உக்காருங்க. உக்காந்தாத்தான் சொல்லுவேன்.

லிஃப்ட் வேலை எப்பவும் ரெண்டு ஆள் வேலை. ஒருத்தர் பெட்டியோட கூரை மேல நிக்கணும், ஒருத்தர் உச்சில மெஷின் ரூம்ல. கூரை மேல நிக்கறவன் நான். மேல கூட்டாளி. அவன் லிஃப்டை நகர்த்தறதுக்கு முன்னாடி கத்தணும், நான் பதில் கத்தணும், மூணு தடவை. அதான் சட்டம். ஆனா அந்தப் பொந்துக்குள்ள கத்தினா தொண்டைத் தண்ணிதான் வத்தும், ஒண்ணும் விளங்காது. அதனால நாங்க ரெண்டு பேரும் ஒரு வழி வச்சிருந்தோம். லிஃப்ட் ஓடறதுக்கு ரெண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம் மாதிரி நிக்கும், அதுல ஸ்பேனரால தட்டறது. ஒரு தட்டுன்னா இரு. ரெண்டு தட்டுன்னா நான் வெளிய வந்துட்டேன், நகர்த்திக்கோ. வருஷக்கணக்கா அப்படித்தான். எங்களுக்குள்ள பேச்சே கிடையாது, தட்டுதான். பார்க்கறவங்க சிரிப்பாங்க, இவனுங்க மரங்கொத்தியான்னு.

அன்னைக்குக் கூரைலேர்ந்து மாடில இறங்கினேன், கிரீஸ் டப்பாவை எடுக்க. எடுத்துட்டுத் திரும்ப ஏறணும், அதனால நான் தட்டல. பக்கத்து வீட்டுல ஒரு தச்சர் அலமாரி அடிச்சிட்டிருந்தாரு. அவரு சுவர்ல ஆணி அடிச்சாரு. ரெண்டு அடி. அடிச்சுட்டு நிறுத்திட்டாரு, பாவம், ஆணி இறங்கிடுச்சு போல. மேல இருந்தவன் லிஃப்டைக் கீழ இறக்கிட்டான். சத்தமே வராது, மெதுவா இறங்கும். நான் டப்பாவை மூடிட்டே, வழக்கமா வைக்கிற இடத்துல, திரும்பிக் கூடப் பார்க்காம காலை வச்சேன். கூரை இல்ல.

யாரைச் சொல்றது? அவனையா? தச்சரையா? ஆணியையா? அந்த ரெண்டு தட்டுக்காக நான் அவன் மேல கோவப்பட்டதே இல்ல, சத்தியமா. நான் மேல இருந்திருந்தாலும் நகர்த்தியிருப்பேன்.

ஹலோ? என்னாச்சு? வலிக்குதா, வெட்டின இடத்துலயா. மரத்துப் போகுதா. நீட்டி வச்சுக்குங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசாதீங்க, கத்தணும்னா கத்துங்க.

ஏணி... இருங்க பார்க்கறேன். எந்த மெக்கானிக் எங்க இருக்காங்கன்னு இந்தத் திரைல பச்சைப் புள்ளியாத் தெரியும். ஏணி பாலத்து மேலதான் நிக்கறாரு. புள்ளி நகரல. ஏதோ லாரி குறுக்க நின்னுடுச்சாம், ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிச்சாம். இன்னும் எவ்ளோ நேரமா? தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன், தெரியல.

அழாதீங்க. அழாதீங்கம்மா, கேளுங்க... மூச்சை இழுத்து விடுங்க. வேகமா விடாதீங்க, அப்படி விட்டா மயக்கம் வந்துடும். என் கூடவே விடுங்க. இழுங்க... விடுங்க. ஐயோ, இல்ல, மெதுவா. தங்கச்சி, தங்கச்சின்னு கூப்பிடலாமா? தங்கச்சி, இங்க பாருங்க, நான் பேசறதை மட்டும்...

இருங்க.

ஒரே ஒரு நிமிஷம் இருங்க. லைன் கட்டாகாது, பாட்டு வரும், கேட்டுட்டே இருங்க. நான் ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன். வந்துடுவேன். எங்க போகப் போறேன் நான்.

ஹலோ. வந்துட்டேன். இருக்கீங்கல்ல? வர்றான். இன்னொரு மெக்கானிக், பக்கத்துலதான். அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. ஓடி வர்றான்.

குரல் ஒரு மாதிரி இருக்கா? இல்லல்ல, தண்ணி குடிச்சேன். புரை ஏறிடுச்சு.

எங்கேர்ந்து வர்றானா? உங்க கட்டடத்துலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி, ஒரு பேங்க்ல வேலை பார்த்துட்டிருந்தான். ஆமா, ரெண்டே தெருதான்.

நீங்க கேக்கறது நியாயம். கேளுங்க, கேக்கத்தான் வேணும். ரெண்டு தெருவுல ஆள் இருக்கறப்போ பாலத்துக்கு அந்தாண்டை இருக்கறவரை ஏன் அனுப்பினேன். நீங்க மணி அடிச்ச நிமிஷத்துலேர்ந்து அந்தப் புள்ளி என் கண்ணு முன்னாடியே பச்சையா நின்னுட்டுதான் இருந்துச்சு. பார்க்காத மாதிரி இருந்தேன். இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து அப்படித்தான். அந்தப் புள்ளி பக்கத்துல இருந்தாலும் வேற புள்ளியைத்தான் கூப்பிடுவேன். இதுவரைக்கும் பெருசா யாருக்கும் தாமதமாகல, தப்பிச்சுட்டிருந்தேன். இன்னைக்கு நீங்க மாட்டினீங்க. உங்களை இவ்ளோ நேரம் தொங்க விட்டது மோட்டார் இல்ல தங்கச்சி, நான்தான்.

இந்த கால் ரெக்கார்டு ஆகுது. தெரியும். மேனேஜர் கேப்பாரு, கேக்கட்டும். வேலைல இருன்னா இருக்கேன், போன்னா போறேன். ஜன்னலோரம் இடம் காலியாத்தான் இருக்கு.

அவன்தான். மெஷின் ரூம்ல இருந்தவன். என் மச்சான், என் பொண்டாட்டியோட கூடப் பிறந்த தம்பி.

அந்தத் தட்டுக்காக இல்லன்னு சொன்னேன்ல? நிஜமாவே இல்ல. நான் விழுந்ததும் அவன் மேலேர்ந்து படி படியாத் தாவி வந்தான். கீழ கதவைத் திறந்து, லிஃப்ட் கூரை மேல கிடந்த என்னை வாரித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினான். அழுதுட்டே ஓடினான். என் காதுக்குள்ள அவன் மூச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் வந்து முதல்ல கேட்டது, யாரு இவரைத் தூக்கினது? முதுகெலும்பு இது, அசைக்காம பலகைல படுக்க வச்சுல்ல கொண்டு வந்திருக்கணும், சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமேன்னாரு. அவன் வாசல்ல நின்னுட்டுக் கேட்டுட்டிருந்தான். அந்த வாசலைத் தாண்டி அப்புறம் அவன் உள்ள வரவே இல்ல. ஆஸ்பத்திரிலயும் வரல, வீட்டுக்கும் வரல. நானும் வாடான்னு கூப்பிடல. விழுந்ததுல போச்சா, தூக்கினதுல போச்சா, யாருக்குத் தெரியும்? டாக்டருக்கே தெரியாது. என் பொண்டாட்டி நடுவுல கிடந்து அல்லாடறா. தம்பி பேரைச் சொன்னா நான் ரேடியோவைச் சத்தமா வைப்பேன்.

கோவமான்னா... கோவம்னு சொல்ல முடியல. அவன் கையைப் பிடிச்சு நீ இல்லன்னா அங்கயே செத்திருப்பேன்டான்னு சொல்லணும் போல இருக்கும். அதே நேரத்துல ஏன்டா என்னைத் தொட்டேன்னு கழுத்தைப் பிடிக்கணும் போலயும் இருக்கும். இவ்ளோ பேசறேன் நான், ஊரே காதைப் பொத்திக்குது. அவன்கிட்ட ஒரு வார்த்தை வரல.

அந்த அம்மா கேட்டாங்க. இந்த வேலைல உங்களால முடியாதது எது, இப்பவே சொல்லிடுங்க, வழி பார்க்கலாம்னு. மேஜையைச் சொன்னேன், பெடலைச் சொன்னேன், பாத்ரூம் கதவைச் சொன்னேன். இதைச் சொல்லல. மேல போனீங்கன்னா நீங்களே சொல்லிடுங்க அவங்ககிட்ட. அந்த ஆள் ஒண்ணை விட்டுட்டாராம்னு.

போன்ல என்ன பேசினேனா? ஒண்ணும் பேசல. அட்டையைப் பார்த்துப் படிக்கற மாதிரி சொன்னேன். லிஃப்ட் நின்னிருக்கு, இன்ன கட்டடம், உள்ள ஒரு பெண், தனியா, நடக்கச் சிரமப்படறவங்க. அவன், மாமா-ன்னான். அவ்ளோதான். அடுத்தாப்ல சாமான் பை கீழ விழற சத்தம், ஓடற சத்தம். வண்டி எடுக்கக் கூடத் தோணல பாருங்க, முட்டாப்பய. திரைல அந்தப் புள்ளி உங்க தெருவுக்குள்ள வந்துடுச்சு.

வந்துட்டான், கட்டடத்துக்குள்ள வந்துட்டான். இப்ப மேல மெஷின் ரூமுக்குப் போவான். அவன் நாலாவது மாடிக்குத்தான் உங்களைக் கொண்டு வருவான், ஒரே ஆள்னா மேல ஏத்தறதுதான் லேசு. இந்த லிஃப்டை அப்புறம் இன்னைக்கு ஓட்ட மாட்டாங்க. நீங்க கீழ போகணும்னா நாலு மாடி. மேல போகணும்னா ஒண்ணுதான். நான் எதுவும் சொல்லல. கணக்கை மட்டும் சொல்றேன்.

அவன் தோள் குடுப்பான். இரும்புத் தோள், எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு. பாசத்துல அவனுக்குக் கண்ணு தெரியாது. உங்களைப் பார்த்ததும் வாரித் தூக்கிட்டு ஓடப் பார்ப்பான். விடாதீங்க. எங்க பிடிக்கணும், எங்க தொடக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லணும். வெக்கப்படாதீங்க. சொல்லாம விட்டா ரெண்டு பேருக்கும் ஆகாது.

என்ன? மேல ஏதோ சத்தமா? பயப்படாதீங்க, அவன்தான், மெஷின் ரூமுக்குப் போயிட்டான். அந்தக் கதவுப் பக்கம் போகாதீங்க, அப்படியே உக்காந்திருங்க.

அது அவன் குரல்தான். எனக்கே இங்க கேக்குது. தட்டல பாருங்க. கத்தறான். எப்பவும் தட்டறதோட சரி, வாயே திறக்க மாட்டான், இப்பத் தொண்டை கிழியக் கத்தறான். பதில் குடுங்க. இன்னும் சத்தமா. அவன் மூணு தடவை கத்துவான், நீங்களும் மூணு தடவை குடுங்க.

நல்லாக் கத்தினீங்க. இப்ப மெதுவா ஏறுதுல்ல, அவன்தான் மேலேர்ந்து கையால சுத்தறான்.

இப்பப் படில இறங்கி வர்றான். நாலாவது மாடிக்கு வந்துட்டான். கதவு... ம், அதான் அந்தச் சாவி சத்தம். காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க. திறந்துட்டானா?

ஏன் பேச மாட்டேங்கறீங்க? என்ன பண்றான்? தூக்கறானா? நான் சொன்னேன்ல, தூக்க விடாதீங்கன்னு...

இருங்க. என்ன கேட்டான் அவன்? எனக்குச் சரியாக் கேக்கல.

எங்க பிடிக்கட்டும்னு கேக்கறானா.

கைகட்டி நின்னுட்டுக் கேக்கறானா.

சொல்லுங்க தங்கச்சி. அவசரமில்ல, நிதானமாச் சொல்லுங்க அவனுக்கு. நான் லைன்லதான் இருக்கேன். நானும் கேட்டுக்கறேன்.